மீனுக்கு நேரும் நெருக்கடி

ஓசூருக்கு அண்மையில், கெலவரப்பள்ளியில், தென்பெண்ணையாற்றின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அதன் மதகுகளைத் திறக்கும்போது பலமுறை தண்ணீரோடு வெண்ணிற நுரையும் பொங்கி எழுந்து ஆற்றை மூடியிருக்கிறது. காற்று வீசினால் அந்நுரை பஞ்சுப் பொதி போலப் பறந்து சாலையிலும் வயலிலும் விழும். செய்தித்தாள்களில் அதன் படம் வெளிவரும். நுரையை எல்லோரும் பார்க்கிறோம். அதன் கீழே வாழும் மீனைப் பார்ப்பவர் சிலரே. பார்த்தாலும் அதன் நிலையை அறிவது எளிதன்று. நோயுற்ற மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும். நாய் மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும். மீனுக்கு முகம் வாடுவதில்லை. அது முனகுவதும் இல்லை. செத்து மிதக்கும் வரையில் அது நமக்கு நலமாக இருக்கும் மீனாகவே தோன்றுகிறது.

ஆனால் அதன் குருதி பேசும். துன்பம் நேரும்போது மீனின் உடலில் சில ஹார்மோன்கள் சுரந்து குருதியில் கலக்கின்றன. அவற்றை அளந்தால் அந்த மீன் பட்ட பாட்டை ஓரளவு கணக்கிடலாம். அந்த ஹார்மோன்கள் யாவை, அவை மீனுக்குச் செய்யும் நன்மை என்ன, அந்த நன்மையே எப்போது தீமையாக முடிகிறது என்பனவற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் ஆற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூருக்குக் கிழக்கே அது இறங்கி வரும் வழியில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நீர் அதில் சேர்கிறது. அவ்வேரிகள் மாநகரின் கழிவுநீரைப் பெருமளவில் ஏற்பவை. 2015 ஆம் ஆண்டில் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றி எரிந்த செய்தியை நீங்கள் படித்திருக்கலாம். அந்த நீரையும் உடன்கொண்டு ஆறு தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்து கெலவரப்பள்ளியில் தேங்குகிறது. பிறகு கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் கடந்து கடலூர் அருகே வங்கக் கடலை அடைகிறது. ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. ஊரும் அதனோடு வளர்ந்தது. அப்படி வளர்ந்த ஊரின் சாக்கடையையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். குற்றம் முழுவதையும் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவது நேர்மையாகாது.

இனி உடலுக்குள் புகுவோம். அச்சமோ சினமோ எழும்போது விலங்கின் உடல் எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ ஒரு நொடியில் ஆயத்தமாகிறது என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915 ஆம் ஆண்டில் விளக்கினார். அந்த ஆயத்தத்துக்குக் காரணமானது அட்ரினலின் என்னும் ஹார்மோன். பிறகு 1936 ஆம் ஆண்டில் கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே மற்றோர் உண்மையைக் கண்டார். குளிர், காயம், நஞ்சு என்று துன்பம் எந்த உருவில் வந்தாலும் எலியின் உடல் ஏறத்தாழ ஒரே வகையில் மாறுதல் அடைந்தது. முதலில் அதிர்ச்சி, பின்பு தாக்குப் பிடித்தல், துன்பம் நீங்காவிடில் இறுதியில் சோர்வு. இந்த மூன்று படிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது படியே நம் ஆற்று மீனைப் பொறுத்தவரை முக்கியமானது.

செல்யே இந்நிலைக்குச் சூட்டிய பெயரை இக்காலப் பத்திரிகைகள் மன அழுத்தம் என்று எழுதுகின்றன. மீனுக்கு மனம் உண்டா என்ற வழக்கில் நாம் புக வேண்டியதில்லை. நெருக்கடி என்று சொல்லிக்கொள்வோம், அது போதும்.

மனிதனுக்கு ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் குல்லாய் வைத்தாற்போல ஓர் அட்ரினல் சுரப்பி அமைந்திருக்கிறது. மீனை அறுத்துப் பார்த்தால் அப்படித் தனிச் சுரப்பி எதுவும் தென்படாது. முதுகெலும்பை ஒட்டிச் செந்நிறப் பட்டையாக நீண்டு கிடக்கும் சிறுநீரகத்தின் முன்பகுதியில், தலைக்குச் சற்றுப் பின்னால், அச்சுரப்பியின் செல்கள் பெரிய குருதிக் குழாய்களை ஒட்டிச் சிதறிக் கிடக்கின்றன. மனிதனிடம் ஒரே பையில் கட்டி வைத்த சரக்கு மீனிடம் கடைமுழுதும் இறைந்து கிடக்கிறது என்று சொல்லலாம். சரக்கு அதே சரக்குதான்.

கிருஷ்ணகிரி அணையில் ஒரு கட்லா மீன் வலையில் சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நொடிகளில் மூளையிலிருந்து நரம்பு வழியே கட்டளை பாய்கிறது. அட்ரினலின் குருதியில் கொட்டுகிறது. இதயம் வேகமாகவும் வலிவாகவும் குருதியைத் தள்ளுகிறது. கல்லீரலில் சேர்த்து வைத்திருந்த கிளைக்கோஜன் கரைந்து குளுக்கோஸாகித் தசைகளுக்கு ஓடுகிறது. செவுளின் மெல்லிய தகடுகளில் அதுவரை குருதி நன்றாக ஓடாமல் இருந்த பகுதிகளும் திறந்துகொள்ள, தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் மிகுதியாக உள்ளே வருகிறது. வலையைக் கிழித்துக்கொண்டு பாய்வதற்கு இவை அனைத்தும் தேவை.

இரண்டாம் அலை சற்றுத் தாமதித்து வருகிறது. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கு ஒரு ஹார்மோனால் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி வேறொரு ஹார்மோனைக் குருதியில் விட்டு, சிறுநீரகத்தின் முன்பகுதியில் உள்ள செல்களைத் தூண்டுகிறது. அச்செல்கள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் செய்து வெளியிடுகின்றன. தாலுகாவிலிருந்து மாவட்டத்துக்கும் அங்கிருந்து தலைநகருக்கும் காகிதம் போய் வருவது போன்ற ஏற்பாடு இது. ஆதலால் சில நிமிடங்கள் பிடிக்கின்றன. அமைதியாக இருக்கும் மீனின் ஒரு மில்லிலிட்டர் குருதி நீரில் கார்ட்டிசால் சில நானோகிராம் அளவிலேயே இருக்கும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. வலையில் சிக்கி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அந்த அளவு நூறு நானோகிராமையும் தாண்டிவிடலாம். மீனைத் திரும்ப நல்ல நீரில் விட்டுவிட்டால் சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ அது பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

இந்தக் கார்ட்டிசால் நம் உடலில் சுரக்கும் அதே பொருள் என்பது வியப்புக்குரியது. கோழியிலும் எலியிலும் முதன்மையாகச் சுரப்பது இதற்கு நெருங்கிய உறவான வேறொரு ஹார்மோன். இந்த ஒரு விஷயத்தில் நமக்குக் கூரையில் மேயும் கோழியைவிடக் குளத்துக் கெண்டையே நெருங்கிய உறவு.

கார்ட்டிசால் என்ன செய்கிறது? அட்ரினலின் கையிருப்புப் பணத்தை எடுத்துச் செலவழிக்கிறது. அது தீர்ந்தபின் குடும்பம் நடக்க வேண்டுமே! கார்ட்டிசால் உடலின் புரதத்தைக் கரைத்துக் குளுக்கோஸாக மாற்ற வழி செய்கிறது. வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது, பசியைக் குறைக்கிறது, இனப்பெருக்கத்துக்கான ஏற்பாடுகளைத் தள்ளிப் போடுகிறது, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களின் வேலையையும் மட்டுப்படுத்துகிறது. உயிருக்கே ஆபத்து வந்திருக்கும்போது இவையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளத்தக்க செலவுகள். பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் குத்திச் சோறாக்கி உயிர் தப்பிய குடும்பத்தைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் ஒவ்வொரு மாதமும் விதைநெல்லில் கைவைக்கிற குடும்பத்துக்கு அடுத்த ஆண்டு விளைச்சல் ஏது?

நன்னீர் மீனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் குருதியில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகையால் செவுள் வழியே உப்பு ஓயாமல் வெளியே கசிகிறது. தண்ணீர் ஓயாமல் உள்ளே புகுகிறது. மீன் மிகுந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றியும், செவுளில் உள்ள சிறப்பான செல்களால் உப்பை மீண்டும் பற்றி இழுத்தும் காலம் தள்ளுகிறது. நெருக்கடியில் செவுள் அகலத் திறந்து ஆக்சிஜனை வாங்கும்போது அதே வாயில் வழியே உப்பும் விரைவாக ஓடிவிடுகிறது. காற்றுக்காகக் கதவைத் திறந்தால் கள்வன் புகுகிறான் என்பது போலத்தான். அப்போது கார்ட்டிசால் அந்த உப்புச் செல்களைப் பெருக்கி இழப்பை ஈடுகட்ட முயல்கிறது. நம் உடலில் உப்பைக் காக்கத் தனியாக ஆல்டோஸ்டிரோன் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. மீனுக்கு அது கிடையாது. கார்ட்டிசாலே இரண்டு வேலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த அறிவு ஏட்டோடு நிற்பதன்று. கிருஷ்ணகிரி அணைக்கருகே அரசு மீன்பண்ணை உண்டு. இதே மாவட்டத்துப் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் உண்டு. இத்தகைய இடங்களிலிருந்து மீன்குஞ்சுகளை வாங்கிச் செல்பவர்கள் கைக்கொள்ளும் முறைகளைக் கவனித்தால் ஒவ்வொன்றின் பின்னாலும் நாம் பேசிய ஹார்மோன் நின்றுகொண்டிருப்பதைக் காணலாம். குஞ்சுகளை அனுப்புவதற்கு முன்பு நெருக்கமான தொட்டியில் இரையின்றி வைத்திருப்பார்கள். வயிறு காலியானால் கழிவு குறையும்; பையின் நீரில் அம்மோனியா சேராது; நெருக்கத்துக்கும் குஞ்சு சற்றுப் பழகும். பாலித்தீன் பையில் நீர் கொஞ்சமாகவும் ஆக்சிஜன் மிகுதியாகவும் நிரப்புவார்கள். வெயில் ஏறுமுன் கொண்டு செல்வார்கள். சிலர் நீரில் சிறிது உப்பும் கரைப்பதுண்டு. செவுள் வழியே ஓடும் உப்பிழப்பை இது குறைக்கிறது. குளத்தை அடைந்ததும் பையைப் பிரித்து உடனே கொட்டிவிடாமல் சிறிது நேரம் நீரில் மிதக்க விடுவார்கள். உள்ளும் புறமும் வெப்பம் ஒன்றானபின் குஞ்சுகள் தாமே நீந்தி வெளியேறும்.

இவற்றில் அலட்சியம் காட்டுபவரின் குஞ்சுகள் அன்றே சாகாமல் இருக்கலாம். விட்ட நாளில் துடிப்பாக நீந்திய குஞ்சுகள் மூன்று நான்கு நாள் கழித்து, உடலில் பஞ்சு போன்ற பூசணம் படர்ந்தோ சிவந்த புண் கண்டோ மிதக்கும். பூசணத்தின் வித்தும் புண்ணை உண்டாக்கும் பாக்டீரியாவும் எந்தக் குளத்திலும் எப்போதும் இருப்பவை. நலமான மீனை அவை ஒன்றும் செய்வதில்லை. பயணத்தில் உயர்ந்த கார்ட்டிசால் காவலரை வீட்டுக்கு அனுப்பிவிட்ட வேளையில் அவை புகுந்துவிட்டன. வாங்கியவர் விற்றவரைக் குறை கூறுவார். விற்றவர் குளத்து நீரைக் குறை கூறுவார். இடையில் கழிந்த சில மணி நேரத்தை இருவரும் மறந்துவிடுவர்.

பிட்யூட்டரி என்று சொன்னேன். இந்திய மீன் வளர்ப்பில் அச்சுரப்பிக்குத் தனிப் புகழ் உண்டு. கட்லா, ரோகு முதலிய பெருங்கெண்டைகள் தேங்கிய குளத்தில் முட்டையிடா. 1957 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் கெண்டையின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி வழியே செலுத்தி அவற்றை முட்டையிடச் செய்தார்கள். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இனப்பெருக்கத்தைத் தூண்டும் செய்தியும் நெருக்கடியை அறிவிக்கும் செய்தியும் அந்தச் சிறு சுரப்பியிலிருந்தே புறப்படுகின்றன. இரண்டும் மோதினால் எது வெல்லும்? 1992 ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆய்வாளர்கள் டிரவுட் மீன்களை முட்டையிடும் பருவத்துக்கு முன் பல மாதங்கள் அவ்வப்போது தொல்லைப்படுத்திப் பார்த்தார்கள். முட்டை வெளிவருவது தாமதமாயிற்று, முட்டைகள் சிறுத்தன, குஞ்சுகளிலும் பிழைத்தவை குறைந்தன. தாய் பட்ட துன்பம் பிள்ளையின் கணக்கில் ஏறியது.

இப்போது கெலவரப்பள்ளிக்குத் திரும்பலாம். ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆதலின் நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. 25 பாகை வெப்பமுள்ள தூய நீரில், கடலோரத்தில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலாக ஆக்சிஜன் கரையும். ஓசூரில் அதில் பத்தில் ஒரு பங்கு குறையும். அது ஒரு பெருங்குறையன்று. தூய நீராயிருந்தால் மீனுக்கு அது தாராளம். கழிவு கலந்த நீரில் நிலைமை வேறு. கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் முதலில் ஆக்சிஜனைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கழிவில் உள்ள உரச் சத்தால் பாசி கொழுக்கிறது. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவிலோ அதுவும் சுவாசிக்கும். விடியற்காலையில் நீரில் ஆக்சிஜன் மிகத் தாழ்ந்திருக்கும். அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கிராமத்தார் பலரும் கண்டிருப்பர். பொழுது ஏறியதும் அந்தத் துன்பம் தீரும், வேறொன்று தொடங்கும். கொழுத்த பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ள, நீரின் காரத்தன்மை பிற்பகலில் ஏறுகிறது. அப்போது கழிவிலுள்ள அம்மோனியாவில் நஞ்சான பகுதி பெருகுகிறது. இரவில் மூச்சுத் திணறல், பகலில் நஞ்சு. ஒன்றிலிருந்து தேறுவதற்குள் மற்றொன்று வந்துவிடுகிறது.

நுரைக்குக் காரணமான சலவைப் பொருள்கள் இவற்றோடு சேர்கின்றன. நம் துணியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவது போலவே அவை மீனின் உடலைக் காக்கும் கோழைப் படலத்தையும் தாக்குகின்றன. செவுளின் மெல்லிய தோலை வீங்கச் செய்கின்றன. வீங்கிய செவுளில் ஆக்சிஜன் எளிதில் நுழையாது. மீன் செவுளை மேலும் விரிக்கிறது. மேலும் வேகமாக நீரைச் செலுத்துகிறது. அவ்வளவுக்கு அவ்வளவு நஞ்சும் உள்ளே போகிறது. தப்பி ஓடுவதற்காக ஏற்பட்ட ஹார்மோன், ஓடுவதற்கு இடமில்லாத மீனுக்கு என்ன உதவி செய்யும்?

இத்தகைய நீரில் எல்லா மீனும் செத்துவிடுவதில்லை. விரால் வெளிக்காற்றையும் சுவாசிக்கும். ஜிலேபிக் கெண்டை என்று நம் மக்கள் அழைக்கும் திலேப்பியா குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப் பிடிக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இம்மீன் 1952 ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இப்போது நம் நீர்நிலைகள் பலவற்றில் அதன் ஆட்சியே நடக்கிறது. வலை நிறைய மீன் வருகிறதே, ஆற்றுக்கு என்ன கேடு என்று கேட்பவர்கள், வலையில் வந்தது என்ன மீன் என்பதையும் கூடப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு வினா எழும். ஆற்று மீனைப் பிடித்துக் குருதியில் கார்ட்டிசாலை அளந்துவிட்டால் ஆற்றின் நிலை தெரிந்துவிடாதா? இரண்டு தடைகள் உண்டு. மீனைப் பிடிப்பதே அதற்குப் பெரிய நெருக்கடி. வலையில் கால் மணி நேரம் துடித்த மீனின் குருதி வலையின் கதையைச் சொல்லுமே தவிர ஆற்றின் கதையைச் சொல்லாது. ஆகையால் பிடித்த சில நிமிடங்களுக்குள் குருதியை எடுத்தாக வேண்டும். இரண்டாவது தடை இன்னும் நுட்பமானது. கனடாவில் ஆலிஸ் ஹோன்டெலா என்னும் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் நஞ்சு கலந்த நீரில் வாழ்ந்த மீன்களையும் தூய நீரில் வாழ்ந்த மீன்களையும் பிடித்து ஒப்பிட்டு, 1992 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். தூய நீர் மீன்களில் பிடிபட்டவுடன் கார்ட்டிசால் வழக்கம்போல் உயர்ந்தது. நஞ்சு நீர் மீன்களிலோ அது உயரவே இல்லை. பிட்யூட்டரியில் கட்டளை பிறப்பிக்கும் செல்கள் சிறுத்துப் போயிருந்தன.

செல்யே கூறிய மூன்றாம் படி இதுதான். ஓயாமல் மணியடித்துக் கை ஓய்ந்துபோன காவலாள் திருடன் வந்தபோதும் அடிக்கவில்லை. இந்த உண்மையை அறியாமல் அளவை மட்டும் பார்ப்பவர், குறைந்த கார்ட்டிசாலைக் கண்டு மீன் அமைதியாக இருக்கிறது என்று எழுதிவிடுவார். ஆகவே மாணவர்களே, நாளை ஆய்வுக்கூடத்தில் இத்தகைய எண் உங்கள் கைக்கு வந்தால், இந்த மீனால் அதை உயர்த்த முடிகிறதா என்றும் சோதித்த பிறகே முடிவு சொல்லுங்கள்.

முதல் தடையைத் தாண்ட ஒரு வழி 2015 ஆம் ஆண்டில் தெரியவந்தது. பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் கெண்டை மீனின் செதிலில் கார்ட்டிசாலை அளந்து காட்டினார்கள். செதில் வளரும்போது குருதியில் உள்ள கார்ட்டிசால் சிறிது சிறிதாக அதில் படிகிறது. குருதி அந்த நிமிடத்து நிலையைக் காட்டும். செதிலோ பல வாரங்களாகச் சேர்ந்த கணக்கைக் காட்டும். வலையில் கழிந்த கால் மணி நேரம் அந்தக் கணக்கில் பெரிய மாற்றம் செய்துவிடாது. மீனைக் கொல்ல வேண்டியதும் இல்லை. ஒன்றிரண்டு செதிலை எடுத்தபின் ஆற்றிலேயே விட்டுவிடலாம். அவ்விடத்தில் புதுச் செதில் முளைக்கும்.

கெலவரப்பள்ளியில் ஓரிடம், கிருஷ்ணகிரி அணையில் ஓரிடம், ஆற்று நீர் சேராத ஒரு மழைநீர் ஏரியில் ஓரிடம் என்று மூன்று இடங்களில் ஒரே இன, ஒரே அளவுக் கெண்டைகளின் செதில்களை ஆண்டுமுழுதும் சேர்த்து வந்தால், நுரை பொங்கும் மாதத்தையும் பொங்காத மாதத்தையும் மீனின் கணக்கிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளக்கும் வேலைக்கு நல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். சேர்க்கும் வேலைக்குக் காகித உறையும், நாளும் இடமும் குறிக்க ஒரு பென்சிலும், விடியற்காலையில் வலை இழுப்பவரின் நட்பும் இருந்தால் போதும். மீன் சந்தையில் அரிவாள்மனையின் அடியில் நாள்தோறும் குவியும் செதில்களை இப்போது கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டுகிறார்கள்.